'நிறுத்துங்கள்!' என்று ஒருவர் ஓடிவரும் காட்சியை எழுதுகிறவர்களுக்கு

அன்புள்ள கதாசிரியர்களே, திரைக்கதை எழுதுகிறவர்களே, நாடகம் போடுகிறவர்களே,

உங்களிடம் ஒரே ஒரு காட்சியைப் பற்றிப் பேசவேண்டும். கழுத்தில் கயிறு ஏறிவிட்டது, முகத்தில் கறுப்புத் துணி போட்டாகிவிட்டது, நெம்புகோலில் ஒரு கை, அந்த நேரம் பார்த்து வாசல் பக்கம் ஒரு குரல்: 'நிறுத்துங்கள்!' வந்தவர் கையில் ஒரு காகிதம். பழங்காலக் கதை என்றால் குதிரையில் வருவார், கொஞ்சம் பின்னால் வந்தால் காரில், இப்போது போன் மணி. இந்தக் காட்சியை எத்தனையோ முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன், கண் கலங்கியிருக்கிறேன். ஆனால் நிஜத்தில் இப்படிக் கடைசி நேரத்தில் பிழைத்தவர்களைப் பற்றியும் ஒரு நிமிடத்தில் தப்ப முடியாமல் போனவர்களைப் பற்றியும் படிக்கத் தொடங்கிய பிறகு, அது எனக்கு நிம்மதி தருவதை விட்டுவிட்டது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியிடமிருந்தே தொடங்கலாம். 1849 டிசம்பர் 22, ரஷ்யாவின் பழைய நாள்காட்டிப்படி. பீட்டர்ஸ்பர்கில் செம்யோனவ்ஸ்கி சதுக்கம். பெத்ராஷெவ்ஸ்கி வட்டம் என்று கூடி, தடைசெய்யப்பட்டதைப் படித்தார்கள், பேசினார்கள் என்பதற்காகப் பிடிபட்டவர்களைப் பனியில் நிற்கவைத்து மரண தண்டனையைப் படிக்கிறார்கள். வெள்ளை அங்கி மாட்டிவிடுகிறார்கள். மூன்று மூன்று பேராகக் கூப்பிடுகிறார்கள், முதல் மூவரைக் கம்பத்தில் கட்டியாயிற்று. தஸ்தயேவ்ஸ்கி ஆறாவது ஆள், அதாவது அடுத்த முறை. வாழ ஒரு நிமிடத்துக்கு மேல் மிச்சமில்லை என்று அன்றைக்கே அண்ணன் மிகயீலுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். பக்கத்தில் நின்ற நண்பர்களைக் கட்டிப்பிடித்து விடைபெற்றும்விட்டார். துப்பாக்கிகள் குறி பார்த்து நிற்கும்போதுதான் நிறுத்தச் சொல்லி முரசு ஒலிக்கிறது, சக்கரவர்த்தி உயிர்ப்பிச்சை தந்துவிட்டார் என்று அறிவிக்கிறார்கள்.

இதுவரை உங்கள் காட்சிதான். ஆனால் அந்த மன்னிப்பு அப்போதுதான் ஓடிவரவில்லை. சுடப்போவதில்லை என்று முதலாம் நிக்கோலாஸ் முன்பே முடிவுசெய்துவிட்டார். அங்கி, கம்பம், முரசு எல்லாமே ஒத்திகை பார்த்த மாதிரி நடத்திய நாடகம். கட்டப்பட்ட மூவரில் ஒருவரான கிரிகோரியெவுக்குப் புத்தி பேதலித்தது, அது திரும்பவும் சரியாகவில்லை. தஸ்தயேவ்ஸ்கி நான்கு வருடக் கடின உழைப்புத் தண்டனைக்குச் சைபீரியா போனார். இருபது வருடம் கழித்து ஒரு நாவலில் அந்த நிமிடங்களை எழுதுகிறார்: மேடையில் நிற்கிறவனுக்கு ஐந்து நிமிடம் இருக்கிறது, தோழர்களிடம் விடைபெற இரண்டு நிமிடம், தன்னைப் பற்றி நினைக்க இரண்டு நிமிடம், கடைசியாக ஒருமுறை சுற்றிலும் பார்க்க மிச்ச நேரம் என்று பங்குபோடுகிறான். பக்கத்துத் தேவாலயத்தின் பொன்முலாம் பூசிய கூரையில் வெயில் பட்டுத் தெறிப்பதை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. கவனியுங்கள், அனுபவித்தவர் எழுதும்போது குதிரை வரவில்லை. கூரைதான் வருகிறது.

இது நிக்கோலாஸ் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. 1603 டிசம்பரில் இங்கிலாந்தின் வின்செஸ்டரில் சதி வழக்கில் தண்டனை பெற்ற மூன்று பேரை முதலாம் ஜேம்ஸ் மன்னர் ஒவ்வொருவராக மேடை ஏற்றி, இறக்கி, கடைசியில் மூவரையும் ஒன்றாக நிறுத்தி மன்னித்ததாக அறிவிக்கவைத்தார். கூட்டம் ஆரவாரம் செய்தது. ஆரவாரம் செய்யவைக்கத்தான் அந்த ஏற்பாடே. உங்கள் காட்சிக்கு அரங்கில் விழும் கைதட்டலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வின்செஸ்டர் கூட்டம்தான் நினைவுக்கு வருகிறது. கொல்ல அதிகாரம் உள்ளவர் கொல்லாமல் விட்டதற்கு நாம் நன்றி சொல்லப் பழகுகிறோம்.

நம் மொழியில் இதே காட்சி இரண்டாயிரம் வருடத்துக்கு நெருக்கமாகவே இருக்கிறது, அதைவிட நன்றாகவும் இருக்கிறது. புறநானூற்றின் 46வது பாட்டு. மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடப்போகிறான் சோழ அரசன் கிள்ளிவளவன். கோவூர்கிழார் தடுத்துப் பாடுகிறார். முதலில் நீ புறாவின் துயர் தீர்த்தவன் வழியில் வந்தவன் என்று அரசனுக்கு நினைவூட்டுகிறார், இவர்கள் புலவர்களுக்குப் பகுத்துக் கொடுத்து உண்டவர் குடியில் வந்தவர்கள் என்கிறார், சரி, அது வாதம். அதற்கு அப்புறம் பிள்ளைகள் பக்கம் திரும்புகிறார். யானையைக் கண்டு அழுத சின்னப் பிள்ளைகள் அந்த அழுகையையும் மறந்து, மன்றத்தில் கூடியிருக்கிறவர்களை மிரண்டு மிரண்டு பார்க்கிறார்கள், அவர்கள் இதுவரை அறியாத புதுத் துன்பம் இது என்கிறார். 'கேட்டனையாயின் நீ வேட்டது செய்ம்மே', கேட்டுவிட்டாய் என்றால் உனக்கு விருப்பமானதைச் செய். அவ்வளவுதான், பாட்டு முடிகிறது. பிள்ளைகள் பிழைத்தார்கள் என்பது பாட்டுக்குக் கீழே உள்ள குறிப்பில்தான் இருக்கிறது. எப்போது நினைத்தாலும் தொண்டையை அடைக்கிறது எனக்கு. காப்பாற்ற வந்தவர் அந்த முகங்களைப் பார்த்திருக்கிறார், அரசனையும் பார்க்கவைக்கிறார்.

கோவலனுக்கு அப்படி யாரும் வரவில்லை. கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியபோது அவன் போய்விட்டான். நிஜ உலகத்தில் கோவலன்கள்தான் அதிகம், இதைத்தான் உங்கள் காட்சி மறைக்கிறது.

1957 மார்ச் 15, கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறை. பர்ட்டன் ஆபட் என்பவருக்கு விஷவாயுத் தண்டனை. ஆளுநர் அன்று கடலில் ஒரு போர்க்கப்பலில் இருந்தார். வக்கீல்கள் அவரைத் தேடிப் பிடித்துச் சம்மதிக்கவைத்து, தண்டனையைத் தள்ளிவைக்கச் சொல்லி சிறைக்குப் போன் வந்தபோது சயனைடு ஏற்கெனவே அமிலத்தில் விழுந்திருந்தது. அதே சிறையில் 1960 மே 2, கேரில் செஸ்மன். பன்னிரண்டு வருடமாக மரண தண்டனைக் கைதி, பலமுறை நாள் குறித்துத் தள்ளிவைக்கப்பட்டவர். அன்று காலை நீதிபதி ஒருவர் சிறிது நேரத்துக்கு நிறுத்திவைக்கச் சம்மதித்தார். சிறைக்கு போன் போட்ட செயலாளர் எண்ணைத் தவறாகச் சுழற்றிவிட்டார். சரியான எண் கிடைத்தபோது வாயு பரவத் தொடங்கியிருந்தது. அவர் குற்றவாளியா இல்லையா என்பது வேறு விவாதம். ஒரு தவறான எண், ஒரு கப்பல், இவ்வளவுதான் இடைவெளி. நீங்கள் எழுதும்போது போன் எப்போதும் சரியான நேரத்தில் அடிக்கிறது, கடைசியில் யாராவது சரிசெய்துவிடுவார்கள் என்று பார்க்கிறவர்கள் நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

இது பொய் என்று உங்கள் முன்னோர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 1728இல் ஜான் கே எழுதிய இசைநாடகத்தில் தூக்குக்குப் போகிற கொள்ளைக்காரனைக் காப்பாற்றுவதற்கு ஒரே காரணம், இசைநாடகம் சந்தோஷமாக முடியவேண்டும் என்பதுதான், அதை மேடையிலேயே சொல்லிவிடுகிறார்கள். சரியாக 200 வருடம் கழித்து ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் அதை மறுபடி எழுதும்போது அரசியின் தூதரை அனுப்பிவைத்து, நிஜத்தில் இவர்கள் அபூர்வமாகத்தான் வருவார்கள் என்கிறார்.

அப்புறம், பிழைத்தவர்களின் மறுநாள். 1885 பிப்ரவரியில் எக்ஸிடர் சிறையில் ஜான் லீ என்ற இளைஞனைத் தூக்கு மேடையில் நிறுத்தினார்கள், காலுக்குக் கீழே இருந்த கதவு திறக்கவில்லை. இறக்கி, ஆள் இல்லாமல் சோதித்தால் திறக்கிறது. மறுபடி நிறுத்தினால் திறக்கவில்லை. மூன்று முறை. உள்துறை அமைச்சர் ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். இதோடு எல்லாரும் கதையை முடிப்பார்கள். அவர் வெளியே வந்தது 1907இல். இருபத்திரண்டு வருடம். மூன்று முறை செத்த ஒருவர் அந்த அறையில் முதல் இரவு எப்படிப் படுத்தார் என்று உங்களில் யாராவது எழுதினால் நான் வரிசையில் நின்று வாங்கிப் படிப்பேன்.

கடைசியாக ஒன்று. ஹர்பன்ஸ் சிங் வழக்கு என்று சட்டம் படிப்பவர்கள் சொல்வார்கள். ஒரே கொலை வழக்கு, ஒரே தீர்ப்பில் மூன்று பேருக்குத் தூக்கு. இந்திய உச்ச நீதிமன்றத்தில் தனித்தனியாக, வேறு வேறு அமர்வுகளில் மனு போட்டார்கள். கஷ்மீரா சிங்குக்கு ஆயுளாகக் குறைந்தது. மற்ற இருவர், ஹர்பன்ஸ் சிங், ஜீத்தா சிங் ஆகியோரின் மனுக்கள் தள்ளுபடி, இருவருக்கும் ஒரே தேதி குறித்தார்கள்: 1981 அக்டோபர் 6. ஹர்பன்ஸ் சிங் மறுபடி நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார். 1982இல் நீதிபதிகள் மூன்று பேரின் நிலைமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அதிர்ந்து, அவர் தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தார்கள். ஜீத்தா சிங்கை அதற்குள், குறித்த தேதியிலேயே தூக்கில் போட்டிருந்தார்கள்.

இதில் உங்கள் காட்சி முழுசாக இருக்கிறது: நாள் குறித்தாயிற்று, தடை வந்தது, ஒருவர் பிழைத்தார். அடுத்த முறை அந்தக் காகிதம் வந்து சேரும் இடத்தை எழுதும்போது, அதே தேதி குறிக்கப்பட்ட இன்னொருவரையும் தயவுசெய்து கதைக்குள் கொண்டுவாருங்கள். காகிதத்தைக் கொண்டுவந்தவர் எத்தனை நாள் தூங்காமல் அலைந்தார், யார் கதவைத் தட்டினார், எந்த மேசையில் அது கிடந்தது என்பதற்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். ஜீத்தா சிங்கின் அக்டோபர் 6 காலைக்கு ஒரு அத்தியாயம் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்களில் ஒருவர்