முதலில் இடம், பிறகுதான் கார்

நகோயா,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா? போன வாரம் தொலைபேசியில், "ஒரு பழைய கார் வாங்க இத்தனை மாதமா?" என்று கேட்டீர்கள். பக்கத்தில் அம்மா சிரித்ததும் காதில் விழுந்தது. அது ஒரு வரியில் சொல்லி முடிகிற கதையில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பணம் கையில் இருக்கிறது. காரும் பார்த்து வைத்தாயிற்று. ஆனால் ஜப்பானில் காரை உங்கள் பெயருக்குப் பதிய வேண்டுமென்றால், அதை எங்கே நிறுத்திவைப்பீர்கள் என்பதற்குப் போலீஸ் நிலையத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். இதற்கென்று 1962லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். இடம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், தெருவைக் காட்ட முடியாது. எங்கள் குடியிருப்பில் இடமில்லாததால் பக்கத்துச் சந்தில் ஒரு கட்டம் வாடகைக்குப் பிடித்தேன். வெறும் தரை, நாலு வெள்ளைக் கோடு, மாதம் 10,000 யென். வாடகையைக் கேட்டு எனக்கும் வயிறு எரிந்தது, உங்களுக்கும் எரியும்.

பிறகு இட உரிமையாளரின் சம்மதக் கடிதம். அதோடு வீடும் கட்டமும் எங்கே இருக்கின்றன என்று ஒரு வரைபடம், கட்டத்தின் நீள அகலம், வாசல், எதிரே உள்ள சாலையின் அகலம் குறித்து இன்னொன்று. இரண்டையும் நானே வரைந்தேன். டேப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து அளந்ததை எதிர்வீட்டுப் பாட்டி சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அதுவரை வாசலில் நிறுத்தேன்" என்பீர்கள். எங்கள் தெருவின் அகலம் 4 மீட்டர். நிறுத்திய வண்டிக்கு வலப்பக்கம் 3.5 மீட்டராவது சாலை மிஞ்ச வேண்டும் என்பது விதி. அரை மீட்டர் அகலத்தில் கார் உண்டா? அதனால் இந்தத் தெருவில் தடைப் பலகையே தேவையில்லை. அகலமான சாலையிலும் இரவில் ஒரே இடத்தில் 8 மணி நேரத்துக்கு மேல் வண்டி நின்றால் குற்றம்தான்.

இங்கே 'நிற்பது' வேறு, 'நிறுத்திவைப்பது' வேறு. ஓரங்கட்டி ஆளை இறக்கி ஏற்றலாம், 5 நிமிடத்துக்குள் சாமான் இறக்கலாம், அதெல்லாம் நிற்பது. ஓட்டுநர் வண்டியை விட்டுப் போய், உடனே எடுக்க முடியாத நிலை வந்துவிட்டால், ஒரு நிமிடமானாலும் அது நிறுத்திவைப்பதுதான். நடைபாதை விளிம்பில் இடைவெளி விட்டு விட்டு மஞ்சள் கோடு போட்டிருந்தால் நிறுத்திவைக்கக் கூடாது. கோடு விடாமல் ஓடினால் நிற்கவே கூடாது. சாலை முனையிலிருந்தும், மக்கள் கடக்கும் கோடுகளிலிருந்தும் 5 மீட்டருக்குள்ளும் நிற்கக் கூடாது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எனக்கு இந்த ஊர் உரிமம் கிடைக்காத நாளில், அலுவலக நண்பரின் காரில் போனேன். தபால் நிலையத்துக்கு முன்னால் நான்கு விளக்கையும் மின்னவிட்டு, "இதோ வந்துவிடுகிறேன்" என்று இறங்கிப் போனார். கடைவீதியில் அம்பாசடரை நிறுத்திவிட்டு, "யாராவது கேட்டால் அப்பா இப்போது வந்துவிடுவார் என்று சொல்" என்று என்னை உட்காரவைத்துப் போவீர்களே, அந்த வேலைதான். பச்சைச் சீருடையில் இருவர் வந்தார்கள். இவர்கள் போலீஸ் இல்லை. 2006 ஜூன் முதல் இந்தக் கண்காணிப்பைத் தனியாரிடமும் விட்டிருக்கிறார்கள். இப்போது வந்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் சொன்னேன். மரியாதையாகத் தலைகுனிந்து, உங்களிடம் உரிமம் இருக்கிறதா என்றார்கள். இல்லை என்றேன். மறுபடி தலைகுனிந்து, படமெடுத்து, கண்ணாடியில் மஞ்சள் தாளை ஒட்டிவிட்டார்கள். நண்பர் ஓடிவந்தபோது பசை காயவில்லை. ஒட்டியபின் ரத்து செய்யும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாதாம். 15,000 யென். பாதி நான் தருகிறேன் என்றேன், வாங்கவில்லை. உங்களிடம் கற்ற காவல் வேலை இங்கே செல்லுபடியாகவில்லை, அப்பா.

வந்த புதிதில் இதெல்லாம் அதிகப்படி என்று எரிச்சல்பட்டேன். போன மாதம் நள்ளிரவில் எங்கள் சந்துக்குள் தீயணைப்பு வண்டி வந்தது. எங்கும் தயங்காமல் கடைசி வீடுவரை போனது. அதன்பிறகு முணுமுணுப்பதைக் குறைத்துக்கொண்டேன். வாடகையைப் பற்றி மட்டும் இன்னும் முணுமுணுக்கிறேன்.

சான்றிதழ் வியாழக்கிழமை கைக்கு வந்தது. கார் அடுத்த சனிக்கிழமை வரும். கட்டத்தின் எண் 7. இரண்டு வாரமாகக் காலியாகக் கிடக்கும் அந்தத் தரையைத் தினமும் மாலையில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அம்மாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டுமா, ஒன்று போதுமா? நசுங்கியதைக் கழுவித் துடைப்பது நான்தான். எதிர்வீட்டுப் பாட்டி வேறு பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்புடன்,
உங்கள் மகன்