கிணற்றடி வாழைக்குச் சிவப்பு அறிவித்தல்: பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர், செயலாளர், சுகாதாரப் பகுதியினர் அனைவருக்கும் வணக்கம்.

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் வீடுவீடாக ஒட்டிய அறிவித்தலைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒழுங்கைக்குக் கழிவுநீர் விடுகிறவர்கள் மீது வழக்குப் போடுங்கள், மறுப்பில்லை. ஆனால் குளிக்கிற, உடுப்புத் தோய்க்கிற தண்ணீரைத் தன் வளவுக்குள்ளேயே வாழைக்கு விடுகிறவனுக்கும் அதே கடதாசி. வாழைப் பாத்தியை மூடு, கழிவுநீர் ஊறி இறங்கக் குழி வெட்டு, தவறினால் நீதிமன்றம்.

ஐயா, குழியை எங்கே வெட்டுவது? எங்களுடையது இரண்டு பரப்புக் காணி. ஒரு மூலையில் கிணறு, மறு மூலையில் மலக்குழி, நடுவில் வீடு. உங்கள் உத்தியோகத்தர் செருப்புக் காலால் கோடு கீறிக் காட்டிய இடத்தில் நின்றால் கிணற்றுக்குள் தண்ணீர் தெரிகிறது. அங்கே கொஞ்சம் தோண்டினாலே அலவாங்கு சுண்ணக்கல்லில் முட்டும். அந்தக் கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். குழியில் விட்ட சவர்க்காரத் தண்ணீர் வடிபடாமல் அந்த வெடிப்பு வழியே எங்கள் குடிதண்ணீருக்குத்தான் வந்து சேரும்.

தண்ணீரைச் சுத்தப்படுத்துவது மேல்மண். காற்றுப் போகிற முதல் ஒன்றிரண்டு அடிக்குள் இருக்கிற நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. வாழையும் சேம்பும் நைதரசனை இழுத்துக்கொள்கின்றன. குழியோ அந்த மண்ணைத் தாண்டிக்கொண்டுபோய் ஊற்றுகிற ஏற்பாடு. அந்த நைதரசன் தண்ணீரில் கலக்கிற வடிவந்தான் நைத்திரேற்று; குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது ஆகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் எங்கள் வலிகாமத்தில் பல கிணறுகள் அதைத் தாண்டியிருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே வாழைப் பாத்தியை மூடச் சொல்லாதீர்கள்.

பாத்தியில் பிழையே வராதென்று சொல்லவில்லை. சலவைத்தூளின் சோடியம் கோடை முழுக்கச் சேர்ந்தால் மண் இறுகும், தண்ணீர் மேலே நிற்கும், நுளம்பு வரும். அந்தப் பயம் நியாயம். அதற்காகத்தான் இரண்டு பாத்தி வைத்து மாற்றி மாற்றி விடுகிறோம். வாய்க்கால் வாயில் தென்னம் பொச்சு போட்டுக் குசினி எண்ணெயை மறிக்கிறோம். குளோரின் போட்ட தண்ணீரை விடுவதில்லை, கீரைப் பக்கம் திருப்புவதுமில்லை. மிச்ச உப்பை ஐப்பசி, கார்த்திகை மழை கழுவி இறக்கும்.

2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். கடலை வடித்துக் குடிக்கிற நிலைக்கு வந்த குடாநாட்டில், உடம்பு கழுவிய தண்ணீரை மரத்துக்கு விடுவது குற்றம்! சரி, குற்றமென்றே வைப்போம். சபையின் சந்தைக் கட்டடத்துக்குப் பின்னால் கறுப்பாக ஓடுகிற தண்ணீருக்கு யார் அறிவித்தல் ஒட்டுவது? அங்கே ஒரு வாழைகூட இல்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: பாத்திகளை மூடச் சொல்லும் பகுதியை அறிவித்தலிலிருந்து நீக்குங்கள். தண்ணீர் தேங்குகிற வீட்டையும் தேங்காத வீட்டையும் பார்த்துப் பிரித்தெழுதுங்கள். புதிய வீட்டு வரைபடத்தில் குழிக்குப் பதிலாகப் பாத்தி காட்டினாலும் அனுமதி கொடுங்கள். தவணை முடியுமுன் உத்தியோகத்தரைத் தயவுசெய்து இன்னொருமுறை அனுப்பிவையுங்கள். உடுப்புத் தோய்க்கிற காலைநேரம் வந்தால், தண்ணீர் மண்ணுக்குள் இறங்க எவ்வளவு நேரம் எடுக்கிறதென்று அவரே மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
வரியிறுப்பாளர் ஒருவர்