மாரி மழையும் பனிநாட்டு விதைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் எம் உறவினர்கள், பிளாஸ்ரிக் பால் போத்தல்களைப் பாதியாக வெட்டி மண் நிரப்பி, பூவிதைகளையும் மூலிகை விதைகளையும் இட்டு, மேற்பாதியால் மீண்டும் மூடி, மார்கழிப் பனியில் முற்றத்தில் வைத்துவிடுகின்றனர். காணொளிகளில் இதனைப் பார்த்துவிட்டு, அவர்கள் அனுப்பும் விதைகளை இங்கும் அவ்வாறே இடுவோர் ஏமாறக்கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

அம்முறையின் உயிர் குளிரில் இருக்கிறது. லவண்டர், எக்கினேசியா போன்ற குளிர்நாட்டு மூலிகைப் பூச்செடிகளின் விதைகள் சில வாரங்கள் ஈரத்தோடு கடுங்குளிரில் கிடந்தால்தான் உறக்கம் கலைந்து சீராக முளைக்கும். மட்டக்களப்பிலோ தை மாத இரவிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. இத்தகைய விதைகளை ஈரமணலில் கலந்து பையிலிட்டு, 4 பாகை அளவிலுள்ள குளிர்சாதனப் பெட்டியில் 4 முதல் 6 வாரங்கள் வைத்த பின்னரே விதைக்க வேண்டும். முளைத்தாலும் எமது ஈரக்காற்றில் லவண்டர் செழிக்கும் என்று நான் நம்பவில்லை.

எமது மாரி வேறு வகையானது. ஐப்பசி தொடங்கித் தை வரை கொட்டும் மழை, கரையோர மணலில் தூவிய துளசி விதை போன்ற நுண்விதைகளை அடித்துச் சென்றுவிடும். தப்பி முளைப்பவையும் நீர் வடியாத மண்ணில் பூஞ்சணம் பற்றி அடித்தண்டு அழுகிச் சாயும். ஆகவே நாற்றுமேடையை ஒரு சாண் உயர்த்தி, மழைக்கு முன்னரே அதன்மேல் வைக்கோலையும் உமியையும் மாறி மாறிப் பரப்பி எரித்து மண்ணைத் தூய்மையாக்கி, பக்கங்கள் திறந்த பொலித்தீன் பந்தலின் கீழ் விதைப்பதே நல்லது. மூடிய போத்தலோ, மழை விட்டு வெயில் எறித்ததும் உள்ளிருக்கும் நாற்றை அவித்துவிடும்.

வெக்கையில் விரைந்து பூத்துவிடும் கொத்தமல்லிக்கு மார்கழி, தை மாதக் குளிர்ச்சி உகந்தது. அதன் காயை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். செவ்வந்தியையும் காசித்தும்பையையும் பந்தலின் கீழ் நாற்றாக்கி, மழை தணிந்ததும் பெயர்த்து நடலாம். கற்பூரவள்ளிக்குத் தண்டே போதும்.

வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவருவதற்கு இலங்கையின் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற வேண்டும் என்பதைப் பலர் அறியார். பயணப் பெட்டியில் வரும் ஒரு சிறு பொதி விதையோடு புதியதொரு நோயும் எமது வயல்களுக்கு வந்துவிடலாம்.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரை மணலுக்கும் மேற்கேயுள்ள படுவான்கரை வயல்மண்ணுக்கும் தனித்தனியே பொருந்தும் மாரிகால விதைப்பு அட்டவணையொன்றை, விவசாயப் போதனாசிரியர்களிடம் பெற்று, புரட்டாதி முடிவதற்குள் தங்கள் பத்திரிகையில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இவ்வண்ணம்,
வீட்டுத்தோட்டச் செய்கையாளர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.