சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

செய்தி வேலையில் செயற்கை நுண்ணறிவே கூடாது என்று சொல்ல வரவில்லை. நீண்ட பேட்டியை எழுத்தாக்கவும், தடிமனான அறிக்கையில் வேண்டிய பக்கத்தைத் தேடவும் அது தாராளமாக உதவட்டும். நான் கேட்பது ஒன்றுதான். இயந்திரம் எழுதியதோ மொழிபெயர்த்ததோ எதுவானாலும், தமிழும் விஷயமும் தெரிந்த ஒருவர் மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்ட பிறகே வெளியிடுங்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் போதாது. அமெரிக்காவின் சிநெட் (CNET) என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் 2022 நவம்பர் முதல் 77 நிதிக் கட்டுரைகளை இயந்திரத்தைக் கொண்டு எழுதி வெளியிட்டது. ஆசிரியர்கள் சரிபார்த்தார்கள் என்றுதான் சொன்னார்கள். கூட்டுவட்டிக் கணக்கே தவறு என்று வெளியார் சுட்டிக்காட்டிய பிறகு மறுபடி பார்த்தால், 41 கட்டுரைகளில் திருத்தம் போட வேண்டியிருந்தது.

அங்கே கண்டுபிடித்துச் சொல்ல ஆள் இருந்தது. இங்கே தமிழ் நாளிதழ் ஒன்றே ஒன்று. தேக்காவில் பேப்பர் வாங்கும் முதியவரும், தங்கும் விடுதியில் கைப்பேசியில் செய்தி பார்க்கும் வெளிநாட்டு ஊழியரும் வேறு எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்? அரசு குடும்பங்களுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டை எந்தத் தேதிக்குள் செலவழிக்க வேண்டும், வேலை அனுமதி விதியில் என்ன மாறியது என்பதில் ஓர் எண் பிசகினாலும் நட்டம் அவர்களுக்குத்தான். இயந்திரம் தப்பைக்கூடத் தடுமாறாமல், சரளமான தமிழில் சொல்லிவிடுகிறது. படிப்பவருக்குச் சந்தேகம் எப்படி வரும்?

படங்களும் அப்படித்தான். தேர்தல் காலத்தில் வேட்பாளர்களைப் போலியாகச் சித்திரிக்கும் டீப்ஃபேக் படங்களுக்கு எதிராக நம் நாடாளுமன்றம் 2024 அக்டோபரில் சட்டம் நிறைவேற்றியது. நல்லது. ஆனால் சாதாரண நாளில், ஒரு விபத்துச் செய்திக்கு நிஜம்போல் உருவாக்கிய படத்தைப் போடுவதா வேண்டாமா என்பது உங்கள் மேசையில் எடுக்கும் முடிவு. தயவுசெய்து போடாதீர்கள்.

எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு 2023 நவம்பரில் பாரிஸில், செய்தித் துறையில் செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு சாசனம் வெளியிட்டது. அதைத் தயாரித்த குழுவுக்குத் தலைவர், நோபெல் பரிசு பெற்ற செய்தியாளர் மரியா ரெஸ்ஸா. வெளியிடும் ஒவ்வொன்றுக்கும் செய்தி நிறுவனமே பொறுப்பு என்கிறது அந்தச் சாசனம். மென்பொருளின் மேல் பழிபோட அதில் இடமில்லை.

ஆகவே உங்கள் விதிமுறைகளைத் தமிழில், எல்லாரும் படிக்கும்படி வெளியிடுங்கள். இயந்திரத்தின் பங்கு இருந்தால் செய்தியின் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். சரிபார்த்தவர் பெயரையும் போடுங்கள். அப்புறம், தவறு கண்ட வாசகர் யாரிடம் சொல்வது என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்