செயலாளரின் ஆண்டறிக்கை: உள்ளூர் வரலாற்று வாசகர் வட்டம், பாளையங்கோட்டை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நவம்பர் மழையில் ஒரு கூட்டம் தள்ளிப்போனது தவிர, மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

பழைய மிஷன் ஆவணங்களில் பெண்கள் பேசிய பேச்சைத் தேடுவது என்று போன பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். நம் ஊர் கிளாரிந்தாவிலிருந்து தொடங்கினோம். கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி மிஷன் வரலாற்றை வரிவரியாகப் படித்தோம். கிளாரிந்தா மராட்டிய பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தவர். அந்த உறவைக் காரணம் காட்டி ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அதிகாரி இறந்த பிறகு, 1778இல் கொடுத்தார். 1780ஆம் ஆண்டுச் சபைப் பட்டியலில் 40 பேர். முதல் பெயர் இந்த அம்மாளுடையது. அவர் முயற்சியில் எழுந்து 1785இல் பிரதிஷ்டையான கோயிலைத்தான் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறோம்.

"ஐயர் மாட்டேன்னு சொன்னப்ப அந்த அம்மா என்ன பதில் சொன்னா?" என்று மூத்த உறுப்பினர் அம்மா ஒருவர் கேட்டார். நாங்கள் படித்த பக்கங்களில் பதில் இல்லை. அவர் செய்ததெல்லாம் இருக்கிறது, சொன்னது இல்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அப்புறம்தான் மதலேனா கிடைத்தார். சுவார்ட்ஸ் ஐயர் 1750இல் ஊழியம் தொடங்கிய தரங்கம்பாடி டென்மார்க் அரசின் கையில் இருந்தது. கரீபியன் கடலிலுள்ள செயின்ட் தாமஸ் தீவும் அதே அரசின் கீழ்தான். ஆப்பிரிக்காவின் போப்போவிலிருந்து அங்கே கொண்டுவரப்பட்ட மரோட்டா, மொராவிய சபை என்ற புராட்டஸ்டண்ட் சபையில் சேர்ந்து மதலேனா ஆனார். 1739இல் டென்மார்க் ராணிக்கு மனு எழுதினார். "போப்போவில் நான் எங்கள் கடவுளைக் கும்பிட்டேன். வெள்ளையர் தேசத்துக்கு வந்த பிறகு இயேசுவைக் கும்பிட விடமாட்டேன் என்கிறார்கள்" என்பது அதன் சாரம். 250க்கும் மேற்பட்ட கறுப்பினப் பெண்களின் சார்பாக எழுதியது. சொந்த ஆப்பிரிக்க மொழியிலேயே எழுதி, தீவின் டச்சுக் கலப்பு மொழியிலும் கொடுத்திருக்கிறார். தமிழாக்கி வாசித்தபோது கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை.

வரும் ஆண்டு நம் வீட்டுக் காகிதங்களைப் பார்க்கப்போகிறோம். உறுப்பினர் ஒருவர் பூட்டியின் வேதாகமத்தைக் கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் பென்சிலால் பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் இருந்தன. ஒரு பிள்ளைக்குத் தேதி மட்டும், பெயர் இல்லை. இதுபோல் கடிதமோ குறிப்போ இருந்தால் கொண்டுவாருங்கள். ஸ்கேன் செய்து அன்றே திருப்பித் தருவோம்.

இப்படிக்கு,
செயலாளர்