தரையில் ஓட்டை போட்டதோடு புகார் முடிந்துவிடாது

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
எரிவாயு விநியோக நிறுவனம்.

பொருள்: எங்கள் தெருவின் நிலத்தடிக் குழாய்க் கசிவு தொடர்பாக முடித்துவைக்கப்பட்ட புகாரை மறுபடி திறக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த 12-ஆம் தேதி உங்களிடமிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. "தங்கள் பகுதியில் கண்டறியப்பட்ட வாயுக் கசிவு பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டது. புகார் முடித்துவைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு மதிப்பெண் அளியுங்கள்." இரண்டே நாளில், 14-ஆம் தேதி இரவு பதினொன்றரை மணிக்கு, எங்கள் வரிசையில் ஆறு வீட்டுக்காரர்கள் கைக்குழந்தையும் போர்வையுமாகத் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தோம். மதிப்பெண் இன்னும் போடவில்லை. முதலில் இந்தக் கடிதத்தைப் படித்துவிடுங்கள்.

1-ஆம் தேதி வாசலில் நாற்றம் அடிக்கிறது என்று உங்கள் அவசர எண்ணுக்குப் போன் செய்தேன். ஒருவர் வந்தார். சமையலறைக்குப் போய் இணைப்புகளில் எல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்தார், அடுப்பை மூடிவிட்டு மீட்டர் ஓடுகிறதா என்று கவனித்தார். எல்லாம் சரி. "வீட்டுல லீக் இல்லைங்க" என்றார். நானும் அதைத்தான் சொன்னேன்: நாற்றம் வீட்டில் இல்லை, வாசலில். அவர் வாசலில் நின்று இரண்டு முறை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, சாக்கடையாக இருக்கும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். கேஸ் அளக்கும் கருவி அவர் தோள்பையில்தான் இருந்தது. வெளியே எடுக்கவே இல்லை.

6-ஆம் தேதி நல்ல மழை. மழை விட்ட பிறகு வாசலுக்கு வந்தேன். புதிதாகப் போட்ட கான்கிரீட் சாலைக்கும் பழைய நடைபாதைக்கும் நடுவே விரல் அகலத்துக்கு ஓர் இடுக்கு உண்டு. அதில் தேங்கிய தண்ணீரில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. மழை நீர் மண்ணில் இறங்கும்போது ஒன்றிரண்டு வருமே, அந்த மாதிரி இல்லை. ஒரே இடத்தில், ஒரே சீராக, நின்று எண்ணலாம் போல. அந்த இடுக்கை ஒட்டித்தான் என் மரத்தடிப் புல் திட்டுத்திட்டாக மஞ்சளாகிக் கிடந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு வாரமாக அதற்கு வாளி வாளியாக ஊற்றியிருக்கிறேன்! மண்ணுக்குள் கேஸ் நிறைந்தால் ஆக்சிஜன் வெளியே தள்ளப்பட்டு வேர் மூச்சுமுட்டிப் போகும். முப்பது வருடம் தொழிற்சாலைப் பராமரிப்பில் இருந்தவன், இது எனக்கே உறைக்கவில்லை. அந்த வெட்கமும் இந்தக் கடிதத்தில் கொஞ்சம் கலந்திருக்கிறது, மன்னிக்கவும்.

மறுபடி போன், மறுபடி காத்திருப்பு. 8-ஆம் தேதி நான்கு பேர் கொண்ட குழு வந்தது. வேலை தெரிந்தவர்கள், அதில் சந்தேகம் இல்லை. நடைபாதையிலும் சாலையோரத்திலும் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள் துளைத்து, கம்பியை இறக்கி, கருவியின் குழலை விட்டு ஒவ்வொன்றாக அளந்தார்கள். மொத்தம் ஒன்பது ஓட்டை. வேடிக்கை என்னவென்றால், குமிழி வந்த இடத்தில் அளவு குறைவு; அங்கிருந்து ஏழெட்டு அடி தள்ளி, ஒரு குமிழியும் வராத இடத்தில்தான் அதிகம். அந்தக் குழுவில் மூத்தவர் ஒருவர் பொறுமையாக விளக்கினார்: "கேஸ் உடைஞ்ச இடத்துலதான் மேல வரும்னு இல்ல சார். மேல கான்கிரீட்டு மூடி மாதிரி உக்காந்திருக்கு. எங்க சந்து கிடைக்குதோ அங்க வரும்."

அந்த ஒரு வாக்கியத்தை உங்கள் அலுவலகச் சுவரில் எழுதி மாட்டலாம். மூடப்படாத மண் என்றால் கசியும் கேஸ் பெரும்பாலும் மேலே கிளம்பிக் காற்றில் கலந்துவிடும். குழாய் கேஸில் பெரும்பாலும் இருக்கும் மீத்தேன் காற்றைவிட ஏறக்குறைய பாதி எடைதான், நிற்காது. மேலே கான்கிரீட் போட்டு இறுக்கிவிட்டால் அது பக்கவாட்டில்தான் போகும். குழாய் பதிக்க வெட்டிய பள்ளத்தில் நிரப்பிய மண் இளகியது. கேபிள் குழாய், சாக்கடைக் குழாய் எல்லாவற்றையும் சுற்றி அதே கதை. அந்தப் பள்ளங்கள் எல்லாம் எங்கே போய் முடிகின்றன? எங்கள் வீட்டுக்குள். ஆக, நீங்கள் போட்ட அந்த ஒன்பது ஓட்டைதான் எங்கள் வீடுகளுக்குப் போகவேண்டிய கேஸை வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த டெலிபோன் கேபிள் தொட்டியின் மூடியையும் தூக்கி வைத்தார்கள். சரியான வேலை.

அதற்குப் பிறகு நடந்தவைதான் சரியில்லை.

தொட்டியிலிருந்து கேஸை வெளியே தள்ள ஒரு ஊதுவிசிறி வைத்தார்கள். அதை ஓட்டுவதற்கு ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர். அது தொட்டி வாயிலிருந்து எத்தனை தூரத்தில் இருந்தது தெரியுமா? என் நடையில் மூன்று எட்டு. காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் கலந்திருந்தால் பற்றிக்கொள்ளும். அந்தக் கலவையை விசிறி வைத்து எஞ்சின் பக்கமே தள்ளினால் என்ன அர்த்தம்? அழுத்தக் காற்றில் இயங்கி, எர்த் செய்யப்பட்டு, சுழலும் மோட்டாரோ தீப்பொறியோ இல்லாமல் உறிஞ்சி வெளியேற்றும் சாதனம் இதற்கென்றே இருக்கிறது. எங்கள் தொழிற்சாலையில் தொட்டி சுத்தம் செய்யவே அதைத்தான் வைத்திருந்தோம். அதை நான் சொன்னதற்கு ஓர் இளைஞர், "உள்ள 40 காட்டுது சார், அவ்வளவு அடர்த்தியில தீப்பிடிக்காது" என்றார்.

அந்த 40-க்கு வருகிறேன். உங்கள் குழு என்னிடம் கொடுத்துவிட்டுப் போன தாளில் "அதிகபட்ச அளவு: 40" என்று மட்டும் இருக்கிறது. 40 என்ன? இந்தக் கருவிகளில் இரண்டு அளவுகோல் உண்டு. பற்றத் தொடங்கும் எல்லையான அந்த 5 சதவீதத்தில் 40 சதவீதம் என்றால் காற்றில் 2 சதவீதம் கேஸ். ஆபத்து நெருங்குகிறது என்று பொருள். 40 சதவீதம் கேஸ் என்றால் அது 20 மடங்கு அதிகம். இரண்டுக்கும் ஒரே எண்ணை எழுதி அலகு போடாமல் விட்டால் அடுத்து வரும் குழுவுக்கு என்ன புரியும்? அந்த இளைஞர் சொன்னது இரண்டாவது என்றால், மண்ணுக்குள் பற்றாது என்பது வரை சரி. வெளியே வரும்போது 40-லிருந்து பூஜ்யத்துக்குப் போகும் வழியில் அது 15-ஐயும் 5-ஐயும் கடந்துதானே ஆகவேண்டும்? அந்தக் கடக்கும் இடம் எங்கள் வாசல். சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, ஒரு தடுப்போ பலகையோ இல்லாத அந்த இடத்தில் சிகரெட்டோடு ஒருவர் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். நான்தான் போய் நகர்த்தினேன்.

12-ஆம் தேதி உங்கள் குறுஞ்செய்தி. 13-ஆம் தேதி காலை சாலை போட்ட ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்து ஒன்பது ஓட்டையையும் சிமெண்ட் குழைத்து அழகாகப் பூசிவிட்டார்கள். கேபிள் தொட்டி மூடியையும் திரும்பப் பொருத்திவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. போட்டு ஒரு மாதம்கூட ஆகாத சாலையில் யாரோ ஓட்டை போட்டிருந்தார்கள், அடைத்தார்கள். இது வென்ட் ஓட்டை, கேஸ் வெளியேறுவதற்காக விட்டது, மூடக்கூடாது என்று அவர்களுக்கு யார் சொன்னது? அங்கே ஓர் அடையாளம்கூட இல்லையே. நீங்கள் ஓட்டையைத் திறந்த கையோடு புகாரை மூடிவிட்டீர்கள். அதற்கு அப்புறம் அந்த ஓட்டைகள் யாருடைய பொறுப்பிலும் இல்லை.

14-ஆம் தேதி இரவு பக்கத்து வீட்டில் கேஸ் கசிவைக் காட்டும் டிடெக்டர் அலறியது. அந்த அம்மாவுக்கு நாற்றமே தெரியவில்லை. ஓடிப்போய்க் கதவருகில் நின்ற எனக்கும் தெரியவில்லை; லேசாக ஈர மண் வாடை, அவ்வளவுதான். குழாயில் வரும் கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது, நாம் கலக்கும் கந்தகச் சேர்மம்தான் நாறுகிறது. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில் தரைக்கு அடியில் வாசனையற்ற கேஸ் தேங்கி வெடித்ததில் ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் வாசனை கலப்பது அங்கே சட்டமாயிற்று. ஆனால் கேஸ் மண்ணுக்குள் நெடுந்தூரம் ஊர்ந்து வரும்போது மண் அந்த வாசனையைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கேஸை விட்டுவிடும். நிலத்தடிக் கசிவில் மூக்கை நம்பக்கூடாது என்பது இதனால்தான். உங்கள் முதல் ஆள் மூச்சை இழுத்துப் பார்த்ததை ஏன் இத்தனை பெரிதாகச் சொல்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

அன்றிரவு வந்த அவசரக் குழுவை மட்டும் மனதாரப் பாராட்ட வேண்டும். அழைப்புமணியை அழுத்தாமல் கையால் கதவைத் தட்டினார்கள். விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், அப்படியே வெளியே வாருங்கள் என்றார்கள். அந்த வீட்டோடு நிற்காமல் இரு பக்கமும் எதிர் வரிசையிலும் வீடு வீடாக அளந்தார்கள். குளியலறைத் தரையில் இருந்த வடிகால் வாயிலும் கேபிள் உள்ளே நுழையும் துளையிலும் கேஸ் இருந்தது. அடைத்த சிமெண்டை உடைத்து ஒன்பது ஓட்டையையும் மறுபடி திறந்தார்கள். விடிவதற்குள் தோண்டி ஓர் இணைப்பில் கவ்வி போட்டு இறுக்கினார்கள். எங்களைக் காலை ஆறு மணிக்கு வீட்டுக்குள் விட்டார்கள்.

பிறகு பகலில் வந்தவர்கள் எல்லா ஓட்டையிலும் ஒருமுறை அளந்து, "பூஜ்யம்" என்று எழுதிக்கொண்டு கிளம்பத் தயாரானார்கள். ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்த ஓட்டையில் பூஜ்யம் காட்டாமல் வேறென்ன காட்டும்? ஓட்டை வாயைத் தற்காலிகமாக அடைத்து, சில மணி நேரம் விட்டு மறுபடி அளந்தால்தானே கேஸ் திரும்பச் சேருகிறதா என்று தெரியும்? கெஞ்சிக் கேட்ட பிறகு செய்தார்கள். ஏழு ஓட்டையில் பூஜ்யம். நான்காவதிலும் ஐந்தாவதிலும் முள் மறுபடி ஏறியது. அதாவது இன்னொரு கசிவு இருக்கிறது. அதற்கு வந்த பதில்: "வென்ட் ஆயிட்டுதான் இருக்கு, மெயின் பைப் மாத்துற வேலை வரிசையில இருக்கு."

ஒருமுறை வீட்டுக்குள் நுழைந்த கேஸ் வரிசையில் நிற்காது. கசிவுகளைத் தரம் பிரிக்கும் எந்த முறையிலும் கட்டடத்துக்குள் வந்த கசிவு முதல் தரம். உடனே ஆள் போட்டு, ஆபத்து நீங்கும் வரை விடாமல் கவனிக்க வேண்டியது. ஓட்டை போட்டு வெளியேற்றுவது தோண்டிப் பழுது பார்க்கும் வரைக்கும் அவகாசம் வாங்குவது, அவ்வளவுதான். அந்த அவகாசமும் சும்மா கிடைப்பதில்லை. மீத்தேன் 20 வருடக் கணக்கில் அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். வாரக்கணக்கில் அதை வானத்தில் விட்டுக்கொண்டே இருப்பதை "பாதுகாப்பாக" என்ற சொல்லால் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பாதீர்கள்.

எனக்கு இழப்பீடு வேண்டாம். புகாரைத் திறந்து, அந்த இரண்டாவது கசிவைத் தோண்டிப் பழுது பார்க்கும் தேதியை எழுத்தில் கொடுங்கள். அதுவரை ஓட்டைகளில் வெறும் குழியாக விடாமல், ஆள் உயரத்துக்கு மேல் வாய் இருக்கும் வென்ட் குழாய் நட்டு, ஜன்னல்களுக்குத் தள்ளி, தடுப்பும் பலகையும் வையுங்கள். தினமும் ஒருவர் வந்து ஓட்டைகளில் மட்டுமல்லாமல் ஆறு வீட்டு வடிகாலிலும் அளந்து, அலகோடு எழுதி, ஒரு நகலை எங்களுக்குத் தரட்டும். சாலை ஒப்பந்தக்காரரிடம் நீங்களே பேசுங்கள். நான் பேசினால் என்னை யார் என்று கேட்கிறார்கள். அப்புறம், அந்த ஜெனரேட்டரை யார் அங்கே வைக்கச் சொன்னது என்பதற்கும் பதில் வேண்டும். ஏழு நாளில் பதில் இல்லையென்றால் எரிவாயு ஒழுங்குமுறை அமைப்புக்கு இதே கடிதம், படங்களோடும் உங்கள் அலகில்லாத தாளோடும் போகும்.

இப்போதைக்கு அந்த ஒன்பது ஓட்டைகளையும் நானும் பக்கத்து வீட்டு அம்மாவும் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். ஒவ்வொன்றையும் சுற்றிச் சாக்கட்டியால் வட்டம் போட்டு "மூடாதீர்கள்" என்று எழுதிவைத்தோம். நேற்று பெய்த மழையில் அது அழிந்துவிட்டது. இன்று காலை மறுபடி எழுதியிருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: 6-ஆம் தேதி எடுத்த காணொளி, 8-ஆம் தேதித் தாளின் நகல், ஆறு வீட்டாரின் கையெழுத்து.