டிரையரில் துணி காயாதது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி பதில் பகுதியில் ஒரு வாசகர், தம் வீட்டு டிரையர் இரண்டு மணி நேரம் ஓடிய பிறகும் துணி ஈரமாகவே இருக்கிறது என்று எழுதியிருந்தார். ஹீட்டர் போயிருக்கும், மாற்றிவிடுங்கள் என்பது அவருக்குக் கிடைத்த பதில். அந்தப் பதிலை நம்பி அவர் பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் இக்கடிதம் அவர் கண்ணில் பட வேண்டும் என்ற கவலையில் எழுதுகிறேன். இதே பதிலை நம்பி நாங்கள் ஒருமுறை ஏமாந்திருக்கிறோம்.

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் நாங்கள், மழைக்காலத்தில் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை காய வழியில்லாமல், ஈரக்காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளும் வகை டிரையர் ஒன்றை வாங்கினோம். முதல் மழைக்காலம் குறையின்றிக் கழிந்தது. அடுத்த ஐப்பசியில் துண்டுகளைப் போட்டு இரண்டரை மணி நேரம் ஓடவிட்டாலும், எடுக்கும்போது சூடாகவும் ஈரமாகவும் இருந்தன. மடித்து வைத்தால் மறுநாள் ஈரவாடை அடித்தது. பழுது பார்க்க வந்தவர் பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் ஹீட்டரை மாற்றிவிட்டுப் போனார். பத்து நாளில் பழைய கதையே திரும்பியது.

பிறகு நானும் என் கணவரும் இயந்திரத்தை இழுத்துத் திருப்பிப் பார்த்தோம். சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே அந்த வளைகுழாய் மிதிபட்ட பப்பாளித் தண்டு போல நசுங்கிக் கிடந்தது. கழற்றி உதறியபோது, சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல இறுகிய பஞ்சுத்தூசி, ஈரத்தோடு, கையளவுக்கு வந்து விழுந்தது. இன்னொரு தவறு எங்களுடையது. சாரல் உள்ளே வருகிறதே என்று குழாயின் மறுமுனையை ஜன்னலிலிருந்து எடுத்து அறைக்குள்ளேயே போட்டுவிட்டு, ஜன்னலையும் சாத்தியிருந்தோம். துணியிலிருந்து வெளியேறிய ஈரம் அந்தச் சின்ன அறையிலேயே தங்கியது. அந்த ஈரக்காற்றையே இயந்திரம் மறுபடி இழுத்துச் சூடாக்கி ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் நீர் முத்து முத்தாகக் கோத்து நின்றதைத் தினமும் பார்த்தும் எங்களுக்கு உறைக்கவில்லை. தூசியை எடுத்து, குழாயை நிமிர்த்தி, முனையை வெளியே நீட்டிய அன்றே, அதே அளவு துண்டுகள் ஒன்றரை மணி நேரத்துக்குள் காய்ந்தன.

துணி காய்வதற்கு வெப்பத்தைப் போலவே காற்றோட்டமும் வேண்டும். ஆடிக் காற்றில், வானம் மூடிக் கிடந்தாலும் கொடியில் போட்ட வேட்டி சீக்கிரம் காய்ந்துவிடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே டிரையர் ஓடத் தொடங்கிக் கால் மணி நேரம் கழித்து நிறுத்தி, துணியைத் தொட்டுப் பாருங்கள். சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் ஹீட்டர் வேலை செய்கிறது, காற்றுதான் போக வழியின்றித் தவிக்கிறது. சூடே இல்லையென்றால் ஹீட்டரையோ, சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியையோ சந்தேகிக்கலாம். அப்போதும், காற்றுவழி அடைத்ததால் சூடு ஏறித்தான் அந்தக் கருவி துண்டித்திருக்கக்கூடும் என்பதால், அடைப்பை எடுக்காமல் உதிரியை மட்டும் மாற்றினால் மீண்டும் அதே இடத்தில்தான் வந்து நிற்போம்.

பஞ்சுத்தூசியைப் பிடிக்கும் வலையான ஃபில்டரை ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும் ஃபில்டரிலும், துணியை மென்மையாக்கப் பயன்படுத்தும் பொருள்களின் மெழுகுப் படலம் படிந்து வலைக்கண்களை அடைத்திருக்கலாம். குழாயடியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் உடனே இறங்காமல் வலையின்மேல் தேங்கினால், சோப்பு நீரில் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்ட வேண்டும். இந்தப் படலமும் போர் தண்ணீரின் உப்பும், ஈரத்தை அறியும் உலோகப் பட்டைகள் உள்ள இயந்திரங்களில் அப்பட்டைகள்மீது படிந்தால், துணி காய்ந்துவிட்டது என்று எண்ணி இயந்திரம் முன்கூட்டியே நின்றுவிடும். நேரம் முடியாமலே நிற்கும் டிரையருக்கு முதலில் அந்தப் பட்டைகளைத் துடைத்துப் பார்க்க வேண்டும்.

துவைக்கும் இயந்திரம் எவ்வளவு பிழிந்து தருகிறது என்பதையும் அந்த வாசகர் கவனிக்க வேண்டும். உலர்ந்த எடையில் 5 கிலோ துணி, நிமிடத்துக்கு 1200 சுற்றில் பிழிந்தால் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் நீரோடும், 800 சுற்றில் பிழிந்தால் மூன்றரை லிட்டர் அளவு நீரோடும் வெளிவரும். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க மட்டுமே ஏறக்குறைய 0.65 யூனிட் மின்சாரம் வேண்டும். பிழியாமல் விட்ட ஈரத்துக்கு நாம் மின்கட்டணம் கட்டுகிறோம். மாலையில் வோல்டேஜ் இறங்கும் பகுதிகளில் இன்னொரு சிக்கல் உண்டு: 230 வோல்ட்டுக்கு அமைந்த ஹீட்டர் 180 வோல்ட்டில் ஐந்தில் மூன்று பங்கு வெப்பத்தையே தரும். அந்த வீடுகளில் டிரையரைப் பகலில் போடுவதே நல்லது. எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டி ஓட்டவே கூடாது.

துவைப்பதும் உலர்த்துவதும் ஒன்றாக உள்ள இயந்திரம் வைத்திருப்பவர்களின் நிலை வேறு. 8 கிலோ துவைக்கும் இயந்திரம் பெரும்பாலும் 5 கிலோவைத்தான் உலர்த்தும். துவைத்த அத்தனையையும் உள்ளேயே விட்டு உலர்த்தச் சொன்னால் அது காயாது. பாதியை எடுத்துவிட வேண்டும். மேலும் இவ்வகையில் பல, ஈரக்காற்றைக் குளிர்வித்து நீராக்கக் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்துகின்றன. துவைத்து முடிந்ததே என்று குழாயை மூடிவிட்டாலோ, நேரம் வைத்துத் தண்ணீர் விடும் குடியிருப்புகளில் நடுவில் தண்ணீர் நின்றுவிட்டாலோ, துணி வெந்ததுபோல் சூடாகி ஈரமாகவே கிடக்கும். என் தங்கை வீட்டில் ஒரு கோடைக்காலம் முழுவதும் இது நடந்தது.

காற்றுவழி அடைப்பு துணியோடு நிற்கும் தொல்லையும் அன்று. அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரையிலான கணக்கின்படி, வீட்டு டிரையர்களால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள் நேர்ந்ததாக அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் மதிப்பிட்டது. சுத்தம் செய்யாததே அவற்றுக்கு முதன்மைக் காரணம். எங்கள் குழாயிலிருந்து விழுந்த அந்தப் பஞ்சை நினைத்தால் இன்றும் எனக்குப் பயமாக இருக்கிறது.

எனவே, அந்த வாசகரிடம் இயந்திரத்தின் வகையைக் கேட்டறிந்து, திருத்திய பதிலை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே வெளியிடுமாறு வேண்டுகிறேன். இயந்திரத்தைப் பொருத்த வரும் ஊழியர்கள், ஃபில்டரைக் கழுவுவதையும் குழாய் போகும் வழியையும் பத்து நிமிடம் செலவிட்டுத் தமிழில் விளக்கிக் காட்ட வேண்டும் என்று நிறுவனங்களை வற்புறுத்தி ஒரு குறிப்பும் தாங்கள் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சென்னை